உறையில் ‘மோதிரம்’, உள்ளே விதை: 2020-இன் மர்மப் பொட்டலங்கள், ஒரு நிகழ்வு ஆய்வு

உள்ளங்கையில் அடங்கும் ஒரு தபால் கவர். முகவரிச் சீட்டில் பெறுபவரின் பெயரும் வீட்டு எண்ணும் பிசகில்லாமல் இருக்கின்றன. வந்திருப்பது சீனாவிலிருந்து. உள்ளே என்ன இருக்கிறது என்று நிரப்பும் கட்டத்தில் ‘மோதிரம்’ என்று அச்சாகியிருக்கிறது. சில கவர்களில் ‘தோடு’, சிலவற்றில் ‘பொம்மை’. கிழித்துப் பார்த்தால் மோதிரத்தைக் காணோம். ஒரு சின்ன பிளாஸ்டிக் பை, அதற்குள் கொஞ்சம் விதை. என்ன செடி, என்ன ரகம், எந்த வருஷத்து விதை, எதுவும் எழுதவில்லை.

2020 ஜூலை பிற்பாதியில் அமெரிக்காவின் யூட்டா, வாஷிங்டன், வர்ஜீனியா என்று மாநிலம் மாநிலமாக இந்தக் கவர்கள் தலைகாட்டின. ‘நான் கேட்கவே இல்லை, யாரோ அனுப்பியிருக்கிறார்கள்’ என்பதுதான் எல்லோர் வாயிலும். மாநில வேளாண் துறைகள் ஒன்றன்பின் ஒன்றாக எச்சரிக்கை விட்டன. கொஞ்ச நாளில் 50 மாநிலங்களிலிருந்தும் புகார் வந்துவிட்டது. கனடா, பிரிட்டன், நியூசிலாந்து, ஜப்பானிலும் இதே கதை. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இந்திய வேளாண் அமைச்சகமும் மாநிலங்களையும் விதை நிறுவனங்களையும் உஷாராக இருக்கச் சொன்னது.

அந்நிய நாட்டுச் சதி என்றார்கள். ஆன்லைன் வியாபாரிகளின் தில்லுமுல்லு என்றார்கள். இரண்டு விளக்கமுமே ‘யார் அனுப்பினார்கள், ஏன்’ என்பதைத்தான் துரத்தின. விதையைத் தபாலில் வாங்கி, அனுப்பிப் பழகியவர்களுக்கு அதைவிட உறுத்தியிருக்க வேண்டியது கட்டத்தில் இருந்த அந்த ஒரு சொல்.

கேட்காமல் வந்தது

அமெரிக்க வேளாண் துறையில் தாவரங்களுக்கும் கால்நடைகளுக்கும் வெளியிலிருந்து நோய் வராமல் பார்த்துக்கொள்ளும் பிரிவுக்கு ஏஃபிஸ் என்று பெயர். அவர்கள் மக்களிடம் சொன்னது எளிமையானது. நட வேண்டாம். பையைத் திறக்க வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம், குப்பைமேட்டிலும் விதை முளைக்கும். கவர், முகவரிச் சீட்டு எல்லாவற்றோடும் ஒரு ஜிப்லாக் பையில் போட்டு மூடி, மாநில வேளாண் அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். தபாலில் வந்த ஆபத்தை மறுபடி தபாலிலேயே போட்டு அனுப்பச் சொன்ன இடங்களும் உண்டு. வேறு வழியில்லை, அது ஊரடங்குக் காலம்.

எச்சரிக்கை வருவதற்குள் நட்டுவிட்டவர்களும் இருந்தார்கள். ஆர்கன்சா மாநிலத்தில் ஒருவர் தோட்டத்தில் போட்டு, உரமும் வைத்து வளர்த்தார். கொடி கிடுகிடுவென்று ஏறி, ஆரஞ்சு நிறத்தில் பூத்து, பூசணி இனத்தது போல வெள்ளைக் காயும் காய்த்தது. செய்தி பரவிய பிறகு, அதைத் தோண்டி எடுத்துப்போக மாநில வேளாண் துறை ஏற்பாடு செய்தது. சிரித்துவிட்டுக் கடக்கலாம் என்று தோன்றும். ஆனால் பெயர் தெரியாத விதையைக் கையில் வைத்துக்கொண்டு, அது என்னவாக வரும் என்று பார்க்கத் துடிக்காத தோட்டக்காரரை நான் பார்த்ததில்லை. எச்சரிக்கை விட்டவர்களுக்கும் அந்தத் துடிப்பு தெரியும், அதனால்தான் ‘நட வேண்டாம்’ என்பதை முதலில் வைத்தார்கள்.

சேர்ந்த பொட்டலங்களைத் தாவரவியலாளர்கள் பிரித்துப் பார்த்ததில் ஜூலை முடிவதற்குள் 14 வகைச் செடிகள் அடையாளம் தெரிந்தன. கடுகு, முட்டைக்கோசு, புதினா, ரோஸ்மேரி, லாவெண்டர், செம்பருத்தி, ரோஜா என்று நீளும் பட்டியல். சதிக்காரன் பொறுக்கி எடுக்கும் பட்டியல் மாதிரி தெரிகிறதா? வீட்டுத் தோட்டத்துக்கு ஆன்லைனில் தேடுபவரின் பட்டியல் மாதிரி இருக்கிறது. இந்தத் துப்பு அப்போதே எல்லோர் கண் முன்னும் கிடந்தது.

ஜூலை 28-ஆம் தேதி சீன வெளியுறவு அமைச்சகத்தின் பேச்சாளர் பதில் சொன்னார். விதை தபாலில் அனுப்பத் தடையோ கட்டுப்பாடோ உள்ள பொருள், அந்த முகவரிச் சீட்டுகள் எங்கள் அஞ்சல் துறையுடையவை அல்ல, போலியானவை, கவர்களைத் திருப்பி அனுப்பினால் விசாரிக்கிறோம் என்றார்.

அமெரிக்கத் தரப்பு பிடித்துக்கொண்ட விளக்கம் ‘பிரஷ்ஷிங்’. ஆன்லைன் கடையில் ஒரு வியாபாரி தன் பொருளுக்குத் தானே போலி ஆர்டர் போடுகிறார். பொருள் போய்ச் சேர்ந்ததாகக் கணக்குக் காட்ட, எங்கேயோ கிடைத்த ஒரு நிஜ முகவரிக்கு மலிவான எதையாவது அனுப்புகிறார். டிராக்கிங் எண்ணில் ‘டெலிவரி ஆனது’ என்று வந்ததும், அந்த முகவரிக்காரர் பெயரில் ஐந்து நட்சத்திர விமர்சனம் எழுதிக்கொள்கிறார். விதை எடை குறைவு, விலை குறைவு, உடையாது. ஆக, பொருந்துகிற விளக்கம்தான். சதி என்பதற்கு ஆதாரம் ஒன்றும் கிடைக்கவில்லை என்று ஏஃபிஸும் சொன்னது. விவகாரம் அதோடு அடங்கியது.

வசந்த காலத்து ஆர்டர்

ஒரு வருஷம் கழித்து, 2021 ஜூலையில், அமெரிக்காவின் அட்லாண்டிக் இதழில் ஒரு நீண்ட புலனாய்வு வந்தது. அதில் செய்த முக்கியமான வேலை மிகச் சாதாரணமானது. விதை வந்தவர்களைத் தேடிப்பிடித்து, அவர்களுடைய பழைய ஆன்லைன் ஆர்டர்களைத் திருப்பிப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்தால், பலருடைய கணக்கில் மாதங்களுக்கு முன்பு அவர்களே போட்ட விதை ஆர்டர் இருந்தது. பணமும் அவர்களே கட்டியிருந்தார்கள்.

இத்தனை பேர் எப்படி மறந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். அந்த மாதங்களை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச், ஏப்ரலில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் திடீரென்று தோட்டத்தின் பக்கம் திரும்பினார்கள். உள்ளூர் விதைக் கம்பெனிகளுக்கு ஆர்டர் குவிந்து, சில கம்பெனிகள் கொஞ்ச நாள் புதிய ஆர்டர் எடுப்பதையே நிறுத்தின. ஜனங்கள் அமேசான் மாதிரிச் சந்தைகளுக்குப் போனார்கள். பக்கம் ஆங்கிலத்தில் இருக்கிறது, விலை டாலரில் இருக்கிறது, படத்தில் ரோஜா சிரிக்கிறது. விற்பவர் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரும் தேடிப் பார்க்கவில்லை.

அப்புறம் தாமதம். பன்னாட்டுத் தபாலில் பெரும் பங்கு பயணிகள் விமானத்தின் வயிற்றில்தான் போகும். பயணிகள் விமானங்கள் நின்றதும் சின்னச் சின்னக் கவர்கள் கிடங்குகளில் தேங்கின. வசந்தத்தில் போட்ட ஆர்டர் கோடையில் வந்து சேர்ந்தது. நடும் பருவம் போய்விட்டது, ஆர்டர் போட்ட ஞாபகமும் போய்விட்டது. வந்த கவரோ தான் விதை என்று சொல்லவில்லை. சீன எழுத்து, ‘மோதிரம்’ என்ற வார்த்தை, உள்ளே பெயரில்லாத விதை. அதே நேரத்தில் தொலைக்காட்சியில் ‘கேட்காமல் வரும் மர்ம விதை’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. கையில் இருப்பதும் அதுதான் என்று நினைக்காமல் வேறென்ன நினைப்பார்கள்?

எல்லாப் பொட்டலத்தையும் இந்த ஒரே விளக்கத்துக்குள் அடைக்க நான் தயாரில்லை. பிரஷ்ஷிங் நிஜமாகவே நடக்கிற மோசடி, அந்தக் கவர்களில் அதுவும் கலந்திருக்கும். ஆனால் பெரும்பகுதி வாங்கியவர்களே வாங்கியது என்று வைத்துக்கொண்டாலும் விவகாரம் லேசாகிவிடவில்லை. செடிகளின் நோயும் பூச்சியும் களையும் எல்லை தாண்டி வராமல் தடுப்பவை தாவரத் தனிமைப்படுத்தல் விதிகள்; அவற்றுக்கு, கேட்டு வந்த விதையும் கேட்காமல் வந்த விதையும் ஒன்றுதான். சான்றில்லாமல், பொய்ப் பெயரில் எல்லை தாண்டிய விதை, காசு கொடுத்து வாங்கியதாலேயே சுத்தமாகிவிடுமா?

கட்டத்தில் எழுதும் சொல்

எந்த நாட்டுத் தபாலிலும் வெளிநாட்டுச் சிறு பொதிகளில் ஒரு சின்னச் சுங்கச் சீட்டு ஒட்டுவார்கள். அஞ்சல் உலகத்தில் அதற்கு சி.என்.22 என்று பெயர். உள்ளே என்ன, எத்தனை, எடை, மதிப்பு, அவ்வளவுதான். சுங்கக்காரரின் முதல் பார்வை படுவது அந்தச் சீட்டின் மேல்தான். ‘விதை’ என்று இருந்தால் அது வேறு மேஜைக்குப் போகிறது. ‘மோதிரம்’ என்று இருந்தால் போகாது. எல்லாக் கவரையும் பிரித்துப் பார்க்க எந்த நாட்டிலும் ஆள் கிடையாது. எனவே தாவரத் தனிமைப்படுத்தலின் கட்டுமானம் முழுக்க, அனுப்புபவர் அந்தக் கட்டத்தில் உண்மையை எழுதுவார் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

இதில் ஒரு முரண் உண்டு. 2018-இல் அமெரிக்கா ஸ்டாப் சட்டம் என்று ஒன்று கொண்டுவந்தது. தபாலில் வரும் செயற்கை ஓபியாய்டு போதைப்பொருளைத் தடுப்பது நோக்கம். வெளிநாட்டுப் பொதிகளைப் பற்றிய விவரம் மின்னணு வடிவில் முன்கூட்டியே வந்துவிட வேண்டும் என்றது. சீனாவிலிருந்து வரும் பொதிகளுக்கு 2018 முடிவிலேயே 100 சதவீதம் என்று கெடு வைத்தது. விவரம் முன்னாடியே வந்தால் மட்டும் என்ன, கட்டத்தில் ‘மோதிரம்’ என்று இருந்தால் கணினிக்கு முன்கூட்டியே வந்து சேர்வதும் ‘மோதிரம்’தான்.

விற்பவர் ஏன் மோதிரம் என்று எழுதினார்? நேரான காரணம் நேரானது: விதை என்று எழுதினால் பைட்டோ கேட்பார்கள். பைட்டோ என்பது விதை வியாபாரத்தில் எல்லோரும் சொல்லும் சுருக்கம், முழுப்பெயர் பைட்டோசானிட்டரி சான்றிதழ். ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு அதிகாரி சரக்கைப் பரிசோதித்து, இறக்குமதி செய்யும் நாட்டின் நிபந்தனைகளுக்கு இது பொருந்துகிறது என்று எழுதிக் கொடுப்பது. 1951-இல் உருவான சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கைதான் இதற்கு அடித்தளம். ஒரு டன் மக்காச்சோள விதைக்கு இந்தச் சான்றிதழ் செலவு ஒரு பொருட்டே இல்லை. இருபது ரோஜா விதை உள்ள ஒரு கவருக்கு, சான்றிதழ் விதையைவிடப் பல மடங்கு விலை. இந்தக் கணக்குதான் ஒரு சாதாரண வியாபாரியைப் பொய்ச் சீட்டு எழுத வைக்கிறது. நியாயப்படுத்தவில்லை, எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

இத்தனைக்கும், சிறு அளவு விதைக்கு அமெரிக்காவிலேயே நேர்வழி இருந்தது, பலருக்குத் தெரியாது. ‘சிறு விதைத் தொகுதி’ அனுமதி என்பார்கள். பெறுபவர் முன்கூட்டியே விண்ணப்பித்து வாங்க வேண்டும். இதில் வரும் விதைக்கு பைட்டோ வேண்டாம், ஆனால் நிபந்தனைகள் உண்டு. ஒரு பொட்டலத்தில் ஒரே இனம், அதிகபட்சம் 50 விதை, அல்லது 10 கிராம். ஒரு பொதியில் 50 பொட்டலத்துக்கு மேல் கூடாது. ஒவ்வொன்றிலும் தாவரத்தின் அறிவியல் பெயர், எந்த நாட்டில் விளைந்தது, அனுப்புபவர் யார் என்று அச்சிட்டிருக்க வேண்டும். மண் ஒட்டியிருக்கக் கூடாது. மருந்து பூசியிருக்கக் கூடாது. அனுமதியோடு பச்சை, மஞ்சள் நிறத்தில் முகவரிச் சீட்டுகள் தருவார்கள், அதை வெளிநாட்டு நண்பருக்கு அனுப்பி ஒட்டச் சொல்ல வேண்டும். அந்தச் சீட்டில் இருப்பது உங்கள் வீட்டு முகவரி அல்ல, தாவரப் பரிசோதனை நிலையத்தின் முகவரி. அங்கே பிரித்துப் பார்த்து, சரி என்றால் உங்களுக்கு அனுப்பி வைப்பார்கள்.

மருந்து ஏன் கூடாது என்பது யோசிக்க வேண்டிய இடம். மருந்து பூசினால் பூச்சி சாகுமே, நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் பூச்சு விதையின் தோலை மறைத்துவிடும். விதையின் நிறத்தையும் வரியையும் பார்த்துத்தான் இனத்தைச் சொல்ல வேண்டும், கூடவே வேறு களை விதை கலந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். விதையைக் கையில் தொட்டுப் பிரிப்பவரின் உடல்நலமும் இருக்கிறது.

மிளகளவு விதை என்ன செய்துவிடும்

மர்மப் பொட்டலங்களில் பெரும்பாலானவை சாதுவானவை. சிலவற்றில் மட்டும் அமெரிக்க மத்திய அரசின் தீங்குக் களைப் பட்டியலில் உள்ள இரண்டு செடிகள் இருந்தன. ஒன்று வள்ளைக்கீரை. ஆமாம், சமைத்துச் சாப்பிடுகிற அதே வள்ளைக்கீரைதான், இலங்கையிலும் மலேசியாவிலும் கங்குங் என்பார்கள். தண்ணீரில் மிதந்து படரும் இந்தக் கொடி ஃபுளோரிடா போன்ற வெதுவெதுப்பான இடத்து வாய்க்காலில் இறங்கிவிட்டால் நீர்ப்பரப்பையே பாய் விரித்த மாதிரி மூடிவிடும். ஒரு நாட்டில் கீரைக்கட்டில் இருப்பது இன்னொரு நாட்டில் சட்டவிரோதம் என்பதைப் புலம்பெயர்ந்தவர்களுக்கு விளக்குவது லேசில்லை. அம்மா ஊரிலிருந்து அனுப்பிய கீரை விதைக்கு யார் அனுமதி வாங்குவார்கள்?

இன்னொன்று கஸ்க்யூட்டா. இலை கிடையாது, பச்சை கிடையாது, மஞ்சள் நூல்கண்டைப் பிரித்துச் செடி மேல் போட்ட மாதிரி இருக்கும். முளைத்ததும் பக்கத்துச் செடியைத் தேடிப் பற்றிக்கொள்கிறது, உறிஞ்சுறுப்பை அதன் தண்டுக்குள் இறக்குகிறது, தன் வேரை விட்டுவிடுகிறது. பிறகு முழுக்க அடுத்தவர் உழைப்பில்தான் வாழ்க்கை. விதை மிகச் சிறியது, மண்ணில் பத்து வருஷத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். குதிரைமசால் மாதிரிச் சின்ன விதைகளோடு கலந்தால் கண்ணால் பார்த்துப் பொறுக்குவது பெரும்பாடு.

இவை இரண்டையும் கண்ணால் பார்த்தாவது பிடிக்கலாம். பார்த்தால் தெரியாதவைதான் உண்மையான தலைவலி. தக்காளியைத் தாக்கும் பழுப்புச் சுருக்க வைரஸை எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலில் 2014-இலும் ஜோர்டானில் 2015-இலும் தென்பட்டது. சில வருஷங்களுக்குள் பல கண்டங்களுக்குப் போய்விட்டது. பயணம் செய்த வழிகளில் ஒன்று விதை. வைரஸ் விதையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டு வருகிறது. நூறு விதை போட்டால் மிகச் சில நாற்றுகளுக்குத்தான் தொற்றும். ஆனால் அந்த ஒரு நாற்றைத் தொட்ட கை, வெட்டிய கத்தி, கட்டிய கயிறு, எல்லாமே அடுத்த செடிக்குக் கடத்தும். பசுமைக்குடிலுக்குள் வந்துவிட்டால் மொத்தத்தையும் பிடுங்குவதைத் தவிர வழி கிடைப்பது அரிது. அமெரிக்கா 2019 நவம்பரில் தக்காளி, மிளகாய் விதைகளுக்கென்று தனி உத்தரவே போட்டது.

பரிசோதிக்கலாமே என்றால், வைரஸ் பரிசோதனைக்கு விதையை அரைக்க வேண்டும். தொற்று அபூர்வமாக இருப்பதால் நிறைய விதையை அரைத்தால்தான் முடிவை நம்ப முடியும். இருபது விதை உள்ள பொட்டலத்தில் இருபதையும் அரைத்தாலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது, அரைத்த பிறகு நடுவதற்கும் ஒன்றும் மிஞ்சாது. கவர் சின்னதாக ஆக ஆகப் பரிசோதனையால் கிடைக்கும் பாதுகாப்பு குறைகிறது. மிஞ்சுவது விளைந்த இடத்தைப் பற்றிய உண்மைத் தகவல் ஒன்றுதான். ‘மோதிரம்’ என்ற சொல் பறித்துக்கொண்டது அதைத்தான்.

உள் எல்லைகள்

நாட்டுக்குள் வந்துவிட்டால் விதிகள் முடிந்துவிடுவதில்லை. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் தனித் தீங்குக் களைப் பட்டியல் உண்டு. மாநிலம் விட்டு மாநிலம் விற்கும் விவசாய, காய்கறி விதைக்கு 1939-ஆம் ஆண்டின் மத்திய விதைச் சட்டப்படி சரியான விவரச்சீட்டு வேண்டும். ஆஸ்திரேலியாவில் இது இன்னும் கறார். மேற்கு ஆஸ்திரேலியா தன் அனுமதிப் பட்டியலில் இல்லாத இனத்தை அண்டை மாநிலத்திலிருந்து கூட விடாது. அங்கே பல விதைக் கடைகள் ‘மேற்கு ஆஸ்திரேலியாவுக்கும் டாஸ்மேனியாவுக்கும் அனுப்புவதில்லை’ என்று முன்னாலேயே போட்டுவிடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 டிசம்பர் 14 முதல், வெளியிலிருந்து தபாலில் வரும் நடவு விதைக்குப் பைட்டோ கட்டாயம். 2021 ஜனவரியில் பிரிட்டன் அந்த எல்லைக்கு வெளியே போனதும், அதுவரை பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் சாதாரணக் கவரில் விதை அனுப்பிய சிறு வியாபாரிகள் பலர் அனுப்புவதையே நிறுத்தினார்கள். விதை அதே விதை, கோடு மட்டும்தான் இடம் மாறியது.

அதன்பின்

2020 செப்டம்பரில் அமேசான், அமெரிக்காவுக்கு வெளியிலிருந்து அங்கே விதையும் செடியும் விற்பதை நிறுத்தியது. சந்தைப் பக்கத்தில் ‘விதை’ என்று பெயர் போட்டு விற்பவரை இது தடுத்தது. பயனுள்ள நடவடிக்கைதான், வசந்தத்தில் ஆர்டர் போட்டவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் மாட்டினார்கள். கவரின் மேல் என்ன எழுதுவது என்பது இப்போதும் அனுப்புபவர் கையில்தான் இருக்கிறது.

விதைப் பரிமாற்றக் குழுக்களில் இன்றைக்கும் ஒரு வழக்கத்தைப் பார்க்கிறேன். ‘கஸ்டம்ஸில் பிடிக்காமல் இருக்க வாழ்த்து அட்டைக்குள் வைத்து அனுப்புங்கள்’ என்று அன்போடு யோசனை சொல்வார்கள். சொல்பவர் கெட்டவர் இல்லை, தன் தோட்டத்து விதை இன்னொரு நாட்டில் பூக்க வேண்டும் என்ற ஆசை. அவரிடம் நான் கேட்பது இதைத்தான்: பெறுபவரின் நாட்டில் அந்த இனத்துக்கு அனுமதி உண்டா, சிறு அளவுக்கென்று தனி அனுமதி இருக்கிறதா, அதை அவர் வாங்கிவிட்டாரா? மூன்றுக்கும் பதில் வந்தபின், பொட்டலத்தின் மேல் அறிவியல் பெயரைத் தெளிவாக எழுதி, சுங்கச் சீட்டின் கட்டத்தில் ‘விதை’ என்று போட்டு அனுப்பலாம். பதில் வராவிட்டால் விதை பாட்டிலிலேயே இருக்கட்டும், வாழ்த்து அட்டையை மட்டும் அனுப்புங்கள்.